பிறவியிலேயே

மன்னி சேவிப்பதைப் பார்க்கவே எங்கள் தெருப் பெண்கள் வருவார்கள். ஸ்ரீரங்கத்தில் சேவிக்காதவர் யார்? காலையில் எழுந்தால் பெருமாளைச் சேவிக்கிறோம், பெரியவர்களைச் சேவிக்கிறோம், ஊரிலிருந்து யாராவது வந்தால் அவர்களையும் சேவிக்கிறோம். மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்து எடுத்து, புடவையைத் தட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். மன்னி அப்படியில்லை. குனிந்தால் குனிந்ததுதான். நெற்றி தரையில் பதிய, கைகள் தலைக்கு முன்னால் நீண்டிருக்க, அப்படியே கிடப்பாள். அடுப்பில் பால் பொங்கி, அடங்கி, ஏடு கட்டிவிடும். மன்னி எழுந்திருக்கமாட்டாள்.

"எங்காத்து மாட்டுப்பொண்ணைப் பாருங்கோ. பெருமாளண்ட போனா தன்னை மறந்துடுவள். போன ஜன்மத்து வாசனைன்னா இது!" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். எதிர்வீட்டு மாமி ஒருத்தி கல்யாண வயதில் இருந்த தன் பெண்ணை அழைத்துவந்து, கதவருகே நிறுத்தி, "பார்த்துக்கோ, இப்படி இருக்கணும்" என்று காட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

மன்னி என் கணவரின் அண்ணா மனைவி. உத்தர வீதியில் நீளமாக ஓடும் வீடு எங்களுடையது. மாமனார் எப்போதோ காலமாகிவிட்டார். மாமியார், அவருடைய இரண்டு பிள்ளைகள், நாங்கள் இரண்டு பெண்கள், அவ்வளவுதான் குடும்பம். பெரியவர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. என் கணவர் திருச்சியில் பள்ளிக்கூட வாத்தியார். இருவரும் சாப்பிட்டுவிட்டுக் காலையில் பாலத்தைத் தாண்டிப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது மன்னி அந்த வீட்டில் சில வருஷங்கள் இருந்து பழகியவள். குழந்தை இல்லை. ஒடிசலான தேகம், பெரிய கண், கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் தேங்கும்.

வந்த முதல் மழைக்காலத்தில் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பூஜை அறையை எங்கள் வீட்டில் பெருமாள் உள் என்போம். ஒரு பிற்பகல் விளக்குக்கு எண்ணெய் எடுக்க அங்கே போனேன். மன்னி குனிந்து கிடந்தாள். எழுந்திருக்கட்டும் என்று ஓரமாக நின்றேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பல்லுக்கு நடுவில் துணியை வைத்து இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். கிட்டப் போய்ப் பார்த்தால், புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். முதுகெல்லாம் ஈரம். நெற்றிக்குக் கீழே தரையில் வேர்வை குட்டையாகத் தேங்கியிருந்தது.

"மன்னி!"

தலையைத் தூக்காமலே கையை மட்டும் ஆட்டினாள். "கதவைச் சாத்து."

சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துத் துணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்திருந்தது.

"சேவிக்கலேடி. வயித்துவலி. இப்படிக் குனிஞ்சு கிடந்தா கொஞ்சம் விடும். வேற எப்படிப் படுத்தாலும் விடாது."

"அப்போ தெனமும்...?"

"தெனமும் இல்லே. வரும், போகும். வந்தா இப்படி."

"பெருமாளண்டயே கிடக்கேளே மன்னி, அவர்ட்ட சொல்லிக்கப்படாதா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

மன்னி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவர்ட்ட நான் இதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்லே. இந்த உள்ளுக்குள்ளே இருந்தா யாரும் வந்து எழுப்பமாட்டா. அதனாலே இங்கே வரேன்."

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ரகசிய பாஷை உண்டாயிற்று. வலிக்கு மன்னி வைத்திருந்த பெயர் சம்பந்தி. அழையாமல் வருவார்கள், வந்தால் லேசில் போகமாட்டார்கள், போன பிறகும் ரெண்டு நாள் வீடு வீடாக இருக்காது என்பாள். கூடத்தில் மாமியார் எதிரிலேயே, "சம்பந்தி வரா போலிருக்கே" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு எழுந்து போவாள். மாமியார் வாசல் பக்கம் எட்டிப் பார்ப்பார். எனக்குச் சிரிப்பு வரும், அடுத்த நிமிஷமே அவள் பின்னால் போய்ப் பெருமாள் உள்ளின் கதவைச் சாத்திவிட்டு வருவேன்.

சாப்பாடுதான் அவளுக்குப் பெரிய சங்கடம். ஒரு கைப்பிடி சாதம், நீர்க்க ரசம், அதற்கு மேல் போனால் அன்றைக்கே பலன் தெரியும். மாமியார் தாராளமான மனசுக்காரி. தான் ஒருவேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு மற்றவர்களுக்கு வடித்துக் கொட்டுவார். "இன்னும் ஒரு கரண்டி, பெரியவளே. இப்படிக் கோழி கொறிக்கற மாதிரி சாப்பிட்டா எப்படி உடம்பு தேறும்?" என்று நெய்யை ஊற்றிப் பிசைந்தே போட்டுவிடுவார். மன்னி மறுக்காமல் சாப்பிடுவாள். சாப்பிட்டு, சாப்பிட்ட இடத்தை எச்சில் இட்டுத் துடைத்து, பாத்திரம் ஒழித்துவிட்டுக் கொல்லைக் கிணற்றடிக்குப் போவாள். ராட்டினம் கிறீச்சிடும் சத்தத்துக்கு நடுவே வாந்தி எடுத்துவிட்டு, தண்ணீர் இறைத்துக் கழுவிவிட்டு, ஒரு குடத்தோடு திரும்பி வருவாள். யாரும் பார்த்தால், தண்ணீர் எடுத்து வருகிறாள், அவ்வளவுதான்.

ஏகாதசி வந்தால் மட்டும் மன்னி வேறு மனுஷி. மாமியாரோடு சேர்ந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாமல் விரதம் இருப்பாள். மாமியாருக்குப் பிற்பகலில் கண் இருண்டு வரும். மன்னியோ தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டு, கூடத்தில் என்னோடு சோழி உருட்டி விளையாடுவாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு இருக்கும். தெருவில் அதற்கும் ஒரு பேச்சு உண்டாயிற்று. உபவாசம் இருந்தால் சோர்வு வரவேண்டும், இவளுக்குத் தேஜஸ் வருகிறதே என்று. மறுநாள் விரதம் முடித்துச் சாப்பிடும் துவாதசிப் பாரணை ஆகி வீடே தூங்கும்போது பெருமாள் உள்ளின் கதவு சாத்தியிருக்கும்.

அவளை நினைத்தால் எனக்கு ஆறாத விஷயம் வேறொன்று. கல்யாணமான முதல் வருஷங்களில் அவள் வாந்தி எடுத்ததை மாமியார் ஒன்றிரண்டு தரம் பார்த்துவிட்டாராம். பார்த்தவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மசக்கை என்று நிச்சயமே பண்ணிவிட்டார். நாரத்தங்காயை நறுக்கி வைத்தார். பெரியவரைக் கூப்பிட்டு, அவளை எந்தப் பாத்திரத்தையும் தூக்கவிடாதே என்றார். கோயிலிலிருந்து பிரசாதம் வரவழைத்தார். மன்னிக்கு, இது அது இல்லை என்று தெரியும். சொல்லவும் முடியாது. சொன்னால், பின்னே எதற்கு வாந்தி என்ற கேள்வி வரும். பேசாமல் இருந்தாள். மாதம் திரும்பி, அவள் ஒதுங்கி உட்கார்ந்தபோது மாமியார் அடுக்களையில் நாரத்தங்காயைக் குப்பையில் கொட்டுகிற சத்தம் பின்கட்டு வரைக்கும் கேட்டதாம்.

"ஒரு தரம் இல்லேடி. மூணாந்தரமும் நம்ம மாமியார் நம்பினார். அதைத்தான் என்னாலே பார்க்க முடியலே" என்றாள் மன்னி.

அப்புறம் மாமியாரே ஒரு வைத்தியரை வரவழைத்தார். அவர் நாடி பார்த்துவிட்டுக் குன்மம் என்றார். வயிற்றில் வாயு கட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் கர்ப்பம் தங்கவில்லை, பேதிக்குக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி, கிண்ணம் நிறைய விளக்கெண்ணெயைக் குடிக்க வைத்தார். அன்றைக்கு மன்னி பெருமாள் உள்ளில் விளக்கு ஏற்றும் நேரம் வரைக்கும் கிடந்தாள். மாமியார் அவளை எழுப்பாமல், வாசலில் உட்கார்ந்து யாரையும் உள்ளே விடாமல் காவல் காத்தாராம். குழந்தை வரம் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு.

ஏன் இத்தனை மறைக்கவேண்டும் என்று நான் கேட்காமல் இருப்பேனா? காவிரியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஒருநாள் துணி பிழிந்துகொண்டிருந்தபோது சொன்னாள். மன்னியின் அப்பா துறையூரில் ஜமீன் கணக்குப்பிள்ளையிடம் எழுத்து வேலை பார்த்தவர். பிறந்த வாரத்திலிருந்தே மன்னி வாந்தி எடுப்பாளாம். பிழைக்காது என்று விட்டுவிட்ட குழந்தை, எப்படியோ பிழைத்துக்கொண்டது. பெண் பார்க்க வந்த இரண்டு இடங்கள், அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் ஏதோ வியாதி என்று ஊரில் யாரோ சொல்லக் கேட்டு ஒதுங்கிப்போய்விட்டன. அதற்குப் பிறகு ஸ்ரீரங்கத்து இடம் வந்தது. தூரத்து இடம், விசாரிக்கவில்லை.

"கல்யாணத்துக்கு முதல் நாள், ஜானவாசத்தன்னிக்கு, அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டு, கையைப் பிடிச்சிண்டார். இனிமே வயித்துவலின்னு உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரப்படாதும்மா, வந்தா நாங்க எல்லாரும் தலையைத் தூக்க முடியாதுன்னார். எங்கப்பா அழுது நான் பார்த்ததில்லே. சரின்னேன்."

அவர் அடுத்த வருஷமே போய்விட்டார். மன்னி கொடுத்த வாக்கு மட்டும் பாக்கியிருந்தது.

எனக்குப் பயம் வந்தது ஒரு கல்யாணத்தன்று. திருச்சியில் உறவுக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம். சம்பந்திமார் பந்தியில் மன்னியை உட்கார வைத்து, இலையைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறிவிட்டார்கள். வெயில் சாயும் வேளையில் ஜட்காவில் திரும்பினோம். மாமியார் கல்யாண வீட்டிலேயே தங்கிவிட்டார். காவிரிப் பாலத்தில் பாதி தூரம் வந்திருப்போம். "வண்டியை நிறுத்தச் சொல்லு" என்றாள் மன்னி. இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து எடுத்தாள். சாதமும் இல்லை, கறியும் இல்லை. பச்சையாக, பாசி மாதிரி தண்ணீர். பிறகு வண்டிக்குள் ஏறி, பரப்பியிருந்த வைக்கோலிலேயே மண்டியிட்டு நெற்றியைப் பலகையில் வைத்துக்கொண்டாள். வண்டிக்காரர் வயசானவர். திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப்போய்க் குதிரையின் தலையருகே நின்றுகொண்டார். பாலத்தில் போகிற வருகிற வண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.

"மன்னி, டாக்டரண்ட போகலாம். இப்படியே போயிடலாம், திரும்பச் சொல்றேன்" என்றேன்.

"போய் என்ன சொல்றது? எத்தனை நாளா வலின்னு அவர் கேப்பார். எத்தனை நாளான்னு சொல்லுவேன்?"

யுத்தம் மும்முரமாக இருந்த காலத்தில் மன்னி நிஜமாகவே உண்டானாள். இந்தத் தரம் மாமியார் நம்ப மறுத்தார். வயிறு வெளியே தெரிந்த பிறகுதான் வாய் திறந்து சிரித்தார். வாந்திக்கு இப்போது ஒரு பெயர் இருந்ததால் மன்னி ஒளிக்கவேண்டியதில்லை. முற்றத்திலேயே உட்கார்ந்து எடுப்பாள். மாமியார் முதுகை நீவிவிடுவார். "இப்படி எல்லார் எதிரிலேயும் வாந்தி எடுக்கறது எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமோ?" என்று என்னிடம் சொன்னாள். அந்த மாதங்களில் அவள் சிரித்ததுபோல அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. குழந்தைக்கென்று பழைய வேஷ்டியைக் கிழித்து ஓரம் அடித்து அடுக்கி வைத்தாள். பிறக்கப்போவது பெண்தான் என்பாள். ஏன் என்றால், "பிள்ளைன்னா நம்ம மாமியாரோட பேரன். பொண்ணுன்னா என்னோடது" என்பாள்.

சீமந்தம் முடிந்த சில நாட்களில், காலை வேளையில், ஆண்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு வலி வந்தது. மன்னி சம்பந்தி என்று சொல்லவில்லை. பெருமாள் உள்ளுக்கும் போகவில்லை. கூடத்தில் நின்ற இடத்திலேயே தூணைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமியார் ஈரக் கையோடு ஓடிவந்தார்.

"மாசம் ஆகலையே. சூட்டுவலியா இருக்கும். சீரகத் தண்ணி வைக்கறேன்."

"இது பிரசவ வலி இல்லேம்மா" என்றாள் மன்னி. பிறகு என்னைப் பார்த்து, "சின்னவளே, என்னை ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போ. இன்னிக்கு நான் செத்துடுவேன்" என்றாள்.

ஆஸ்பத்திரித் தீட்டுக்குப் பிறகு பிராயச்சித்தம் பண்ணிக்கொள்ளலாம், முதலில் உயிர் என்று மாமியாரே ஜட்காவுக்கு ஆள் அனுப்பினார். இதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆசாரம் பார்க்கிற அந்த அம்மாள், நடுத்தெருவில், தலைப்பு நழுவுவதுகூடத் தெரியாமல் வண்டியில் ஏறி, மன்னியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வழி நெடுக அவளுடைய நெற்றியைத் துடைத்தபடியே வந்தார். வயிறு கல்லாக இருந்தது. வாயோரத்தில் பச்சையாக வழிந்துகொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர், நாற்பது வயதிருக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வலி வந்திருக்காம்மா?"

மாமியார், "இல்லே" என்றார். நான், "வந்திருக்கு, ரொம்ப வருஷமா" என்றேன். மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் மன்னியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெரிய டாக்டரும் அவரும் சேர்ந்து வயிற்றைத் திறந்தார்கள். பெரியவரும் என் கணவரும் தகவல் தெரிந்து வந்து சேர்ந்தபோது கதவு மூடியே இருந்தது. மாமியார் வராந்தாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். வெயில் இறங்கும்போது லேடி டாக்டர் வெளியே வந்தார். மன்னி பிழைப்பாள் என்று நம்புவதாகச் சொன்னார். குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. மறுநாள் தானாகவே வெளியே வந்தது. பெண் குழந்தை.

பிறகு பல நாள் ஜுரம். புதிதாக வந்திருந்த ஏதோ மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தார்கள். நான் தினமும் கஞ்சியைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் போவேன். பெரியவர் ஆபீஸ் விட்டு வந்து, சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாகப் பிழிந்து கொடுப்பார். கண் சிவந்திருக்கும். அவரைக் கெட்டவர் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

ஜுரம் விட்ட பிறகு லேடி டாக்டர் ஒருநாள் கட்டிலருகே உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் விளக்கினார். என் கையில் இருந்த ஈரத் துண்டை வாங்கிக்கொண்டார்.

"குழந்தை உருவாகறப்போ குடல் ஒரு சுத்துச் சுத்தி வந்து, அதது இடத்துல அகலமா ஒட்டிக்கணும். உங்களுக்கு அது சுத்தவே இல்லம்மா. வலது பக்கம் இருக்கவேண்டிய பெருங்குடல் ஆரம்பம், குடல்வால் எல்லாம் இடது பக்கம் கிடந்துது. மொத்தக் குடலும் இதோ, இவ்வளவு சின்னக் காம்புல தொங்கிக்கிட்டு இருந்துது." துண்டின் நடுவை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, முறுக்கினார். முறுக்கிய இடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. "இப்படி முறுக்கிக்கும். சில சமயம் தானா பிரிஞ்சுடும், வலி நின்னுடும். இந்தத் தடவை பிரியல. ஒரு துண்டு கருத்தே போச்சு, அதை வெட்டி எடுத்துட்டோம். மிச்சத்தைப் பிரிச்சுவிட்டு, மேல குறுக்கே இழுத்துக்கிட்டிருந்த சவ்வை அறுத்துட்டோம். பெரியவங்ககிட்ட நான் இதைப் பார்த்ததே இல்ல. புஸ்தகத்துல படிச்சதுதான். பெரும்பாலும் கைக்குழந்தையிலேயே போயிடும்."

மன்னி துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ வலி நெஜந்தானே டாக்டர்?"

"என்னம்மா கேக்குறீங்க? என் கையால தொட்டேன்."

"இல்லே, சில சமயம் எனக்கே சந்தேகமா இருக்கும். வலி போனப்புறம், நாமே கற்பனை பண்ணிண்டோமோன்னு." குரல் உடைந்தது. குழந்தை போனதைச் சொன்னபோதுகூட அழாதவள், அப்போது வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு, "டாக்டர், இதை எங்காத்துக்காரரும் அவர் அம்மாவும் இருக்கறப்போ ஒரு தரம் சொல்லணும். நான் சொன்னா எனக்குச் சொல்லத் தெரியாது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். டாக்டர் அதையேதான் சொன்னார். பொறுமையாகச் சொன்னார். இனிமேல் வலி வராது, நன்றாகச் சாப்பிடலாம், இரண்டு வருஷம் போகட்டும், குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மாமியாரின் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை.

"பிறவியிலேயேன்னேளே?"

"ஆமாங்க. பிறவியிலேயே."

டாக்டர் போய்விட்டார். மாமியார் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார்.

"பெரியவளே, உனக்குச் சின்ன வயசுலேயே இது இருந்துதா?"

இல்லை, இங்கே வந்த பிறகுதான் என்று மன்னி சொல்லியிருக்கலாம். யார் போய் விசாரிக்கப்போகிறார்கள்? சொல்லிவிடேன் என்று நான் அவளையே பார்த்தேன். மன்னி என்னைப் பார்க்கவில்லை.

"இருந்தது."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மாமியார் அதைக்கூடத் தாங்கிக்கொண்டார் என்றே நினைக்கிறேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, கேட்கவே பயந்த மாதிரி அடுத்ததைக் கேட்டார்.

"அப்போ நம்மாத்துப் பெருமாள் முன்னாலே நீ மணிக்கணக்காச் சேவிச்சதெல்லாம்?"

மன்னி கண்ணை மூடித் திறந்தாள். "வலிதாம்மா."

பெரியவர் கையில் பாதி உரித்த சாத்துக்குடி இருந்தது. மாமியார் முகத்தில் கோபம் இல்லை. தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார், எத்தனை பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார் என்றெல்லாம் அவர் கணக்குப் பார்ப்பது போல இருந்தது. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனார். நேராக ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். ஆஸ்பத்திரிக்கு அதன் பிறகு வரவில்லை.

மன்னி ஆஸ்பத்திரியிலிருந்து உத்தர வீதிக்குத் திரும்பவில்லை. உடம்பு தேற வேண்டும் என்று சொல்லித் துறையூரிலிருந்து அவளுடைய தம்பியை வரவழைத்து, அவனோடு அனுப்பினார்கள். அனுப்பியவர்களுக்கும் தெரியும், போனவளுக்கும் தெரியும். வியாதிக்காரப் பெண்ணை ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று மாமியார் சொன்னதை, தெரு அப்படியே எடுத்துக்கொண்டது. கதவருகே பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திய எதிர்வீட்டு மாமிதான் அதிகம் பேசினாள். வருஷம் திரும்புவதற்குள் பெரியவருக்குக் கும்பகோணத்துப் பெண் ஒருத்தியைப் பார்த்து முடித்துவிட்டார்கள். அப்போதெல்லாம் அதைத் தடுக்கச் சட்டமும் இல்லை, ஆளும் இல்லை. என் கணவர் அண்ணாவிடம் ஒரு தரம் பேசிப் பார்த்தார். "அம்மா மனசு கஷ்டப்படப்படாது" என்று மட்டும் அவர் சொன்னாராம். தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கட்டினார்.

யுத்தம் முடிந்த பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது, பேச்சு மட்டும் இருந்தது. புதிதாக வந்தவள் நல்ல பெண்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மாமியார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "பெரியவளை ஒரு தரம் பார்க்கணும். நீ போய்க் கூப்பிட்டா வருவள்" என்றார். பெரியவர் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "போய்ட்டு வாயேன்" என்றார்.

துறையூரில் தம்பி வீட்டுக் கொல்லையில் மன்னி மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் நிறைந்திருந்தது. கை காய்த்திருந்தது. தம்பிக்கு ஐந்து குழந்தைகள், வீட்டு வேலை முழுவதும் இவள் தலையில்தான். தம்பி மனைவி கூடத்திலிருந்தே, "அரிசி ஊறப்போட்டாச்சா?" என்று கேட்ட தோரணையில் எல்லாம் புரிந்துவிட்டது. மன்னி எனக்கு இலை போட்டு, தானும் எதிரே உட்கார்ந்து, குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். இரண்டாம் தரம் சாதம் போட்டுக்கொண்டாள்.

"வலி?"

"வரவேயில்லை."

வந்த விஷயத்தைச் சொன்னேன். மாமியார் கிடக்கிற கிடையைச் சொன்னேன். அன்றைக்கு வண்டியில் அவர் மடியில் தலை வைத்துக்கொண்டு போனதையும் நினைவுபடுத்தினேன். மன்னி கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள். இலையை மடித்தாள்.

"ஞாபகம் இருக்கு. அவர் மேலே எனக்குக் கோபம் இல்லே. ஆனா வரமாட்டேன்."

"மன்னி, போற உசிரு. நான் அங்கே போய் என்ன சொல்லுவேன்? உடம்பு சரியில்லை, பஸ்ஸிலே வரமுடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

"உடம்பு சரியில்லேன்னு சொல்லாதே" என்றாள். குரல் உயரவில்லை. "நன்னா இருக்கேன், வர மனசில்லேன்னு சொல்லு. இதே வார்த்தை."

மறுநாள் உத்தர வீதிக்குத் திரும்பினேன். பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே போய் மாமியாரின் காதருகே குனிந்து, அந்த வார்த்தைகளையே சொன்னேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நல்ல பக்கத்துக் கையால் போர்வையை மார்பு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.